இருபத்தேழாம் நோன்பன்று நீ நீட்டிய கை

வவுனியாவிலிருந்து சேலைக்கட்டுகள் இன்று காலை வந்து இறங்கின. மேலே சுற்றியிருந்த சாக்கை வெட்டிப் பிரித்ததும் புதுத்துணியின் கஞ்சிப் பசை வாசம் வீடு முழுக்கப் பரவியது. கத்தரிக்கோலை நிலத்தில் வைத்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துவிட்டேன். என் கணவர் எட்டிப் பார்த்து, "என்ன, தலைச்சுத்தா?" என்று கேட்டார். ஓம் என்றேன். வேறென்ன சொல்வது?

நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய் எட்டு மாதமாகிறது. உனக்கு எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். ஆனால் உன்னிடம் சொல்லவேண்டியதை வேறு யாரிடம் சொன்னாலும் அது புறங்கூறுவதுபோல ஆகிவிடுகிறது.

ஒவ்வொரு வருடமும் இருபத்தேழாம் நோன்பன்று எங்கள் வீட்டுப் படலையில், ஏழைகளுக்குக் கடமையான ஸகாத்தைக் கொடுப்போம். ஒரு சேலை, ஒரு பை அரிசி, ஒரு கடித உறை. பின்னேர அசர் தொழுகைக்கு முன்பே பெண்கள் மதிலோரமாக வந்து நிற்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த வரிசையை முதல்முதல் கண்ட அன்று நீ என் குசினிக்குள் வந்து சண்டை பிடித்தாய்.

"பசியோட நிக்கிறவளுக்குச் சேலை என்னத்துக்கடி? கடமையானதைக் குடுக்கிறதெண்டா வீடு தேடிப் போய்க் குடுக்கவேணும். வெயில்ல வரிசையில விட்டுக் குடுக்க இதென்ன நிவாரணமே?"

"ஊர் வழமை அப்பிடித்தானே" என்றேன்.

"ஊருக்கு வழமை. நிக்கிறவளுக்கு?"

அதன்பிறகு மூன்று வெள்ளிக்கிழமைகள் நீ வரவில்லை. உன் கோபம் எப்போதும் அப்படித்தான். வாயும் நீளம், கோபமும் நீளம். நாலாவது வெள்ளி ஒரு முருங்கைக்காய்க் கட்டோடு வந்து, ஒன்றும் நடவாததுபோலக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாய்.

நாம் இருவரும் ஒரே ஒழுங்கையில் பிறந்தவர்கள். பதினாறு வயதில், முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போய்விடவேண்டும் என்று இயக்கத்தார் அறிவித்தார்கள். உங்கள் வீட்டாரும் எங்கள் வீட்டாரும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினோம். வழியில் ஒரு பள்ளத்தில் பெட்டி குலுங்கியபோது எங்களுடைய தகரப்பெட்டி சரிந்து உன் வலதுகைச் சின்னவிரலில் விழுந்தது. பார்க்க வைத்தியர் யாருமில்லை. உன் உம்மா ஈர்க்கு வைத்துத் துணியால் கட்டினார். புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது விரல் உள்பக்கமாக வளைந்து அப்படியே பொருந்தியிருந்தது. "உங்கட பெட்டி குடுத்த பரிசு" என்று சொல்லி என்னிடம் ஆட்டிக் காட்டுவாய்.

புத்தளத்து ஓலைக்கொட்டில்களில்தான் நாம் இருவரும் கலியாணம் முடித்தோம், பிள்ளை பெற்றோம். என் கணவர் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டி மீன் விற்கத் தொடங்கி, லொறி வாங்கும் அளவுக்கு வந்தார். உன் கணவர் மேசன் வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து மௌத்தானார். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது நான் லொறியின் முன் ஆசனத்தில் வந்தேன். நீ உன் மகள் ஸுமையாவோடு பஸ்ஸில் வந்தாய்.

உன் வாப்பாவின் வயலைப் பார்க்க நாம் சேர்ந்துதான் போனோம். வயல் இருந்த இடத்தில் ஆளுயரப் பற்றைக்கு மேலே மரங்கள் நின்றன. காட்டுக்குரிய நிலம் என்று எல்லைக்கல் நட்டிருந்தார்கள். காணி உறுதி எங்கே என்று கேட்டார்கள். உறுதி வைத்திருந்த வீடே இல்லை. ஐந்து வருடம் ஒரு பைலைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராக நடந்தாய். பிறகு பைலை அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டு, நாயாற்றுக் கருவாட்டு வாடியில் மீன் வெட்டப் போனாய். உப்பில் வெடித்த கையோடு வெள்ளிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவாய். வெறுங்கையோடு ஒருநாளும் வந்ததில்லை. நான் தருவதை ஒருநாளும் கொண்டுபோனதுமில்லை.

ஒரு பெருநாளுக்கு முதல்நாள் பின்னேரம், பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் ஒரு சின்ன அரிசிப் பையோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாய். பெருநாளுக்கு முன் தலைக்கு ஒரு பங்கென்று ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டிய பித்ரா அரிசி, உனக்கும் ஸுமையாவுக்குமானது என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது.

"உனக்கே ஆரும் தரவேணும். நீ குடுக்கப் போறியா?"

"நாளைக்கு எங்கட சோத்துக்கு அளந்து வச்சிட்டன். அதுக்கு மேல இது மிஞ்சி இருக்கு. மிஞ்சினாக் கடமைதானே. ஏழை எண்டு சொல்லித் தப்பேலாது."

நீ சிரிக்காமல் சொன்னாய். நான் அதை உன் வீம்புக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

இனி எழுதப்போவதை நீ உயிரோடிருந்தபோது உன்னிடம் சொன்னதில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு என் கணவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் சேர்ந்தார். பள்ளியில் சேரும் ஸகாத்தும் அதன்பிறகு எங்கள் படலையில்தான் கொடுபட்டது; பெறுகிறவர்களின் பட்டியலை எழுதுவது அவர் பொறுப்பு. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார், "உன்ர கூட்டாளியின்ர பேரையும் போடவா? வாடியில வேலையும் ஒழுங்கா இல்லையாம்."

"சேச்சே, அவ அப்பிடிப்பட்டவ இல்ல. கேட்டா மனம் நோகும்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். அவ்வளவுதான். உன் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு நிறைவு. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றவேயில்லை. இப்போது நினைத்தால், உன் மனம் நோகும் என்று நான் பயப்படவில்லை. என் குசினியில் எனக்குச் சமமாக இருந்து என்னைத் திட்டுகிற ஒருத்தி எனக்கு வேண்டியிருந்தாள். பட்டியலில் உன் பெயர் வந்தால் அவள் இல்லாமல் போய்விடுவாள் என்று பயந்தேன்.

போன வருடம் இருபத்தேழாம் நோன்பு. அன்று வெயில் கொடுமையாக இருந்தது. என் மைத்துனர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வரிசை நீளத்துக்கு நடந்தார். அவர் கிட்ட வரும்போது பெண்கள் முந்தானையை இழுத்து முகத்தை மூடினார்கள். நான் படலைக்கு உள்பக்கம் நின்று, பட்டியல் பார்க்காமல், வந்து நின்ற எல்லோருக்கும் பைகளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு கட்டத்தில் முகங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கைகள் மட்டும் வந்தன. மருதாணி போட்ட கை, தோல் சுருங்கிய கை, பிள்ளையைச் சுமந்தபடி நீட்டிய ஒற்றைக் கை.

பிறகு உப்பில் வெடித்த ஒரு கை வந்தது. சின்னவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். முகத்தை முழுதாக மூடியிருந்தாய். கண்கள் மட்டும் தெரிந்தன. அவை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கும். நான் பையை உன் கையில் வைத்துவிட்டு அடுத்த பெண்ணின் பக்கம் திரும்பினேன். "அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்" என்று நீ சொன்னது காதில் விழுந்தது. உன் குரல்தான். நீ அதை மாற்றக்கூட முயலவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு குசினியில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டு நின்றேன். நல்லதைத்தான் செய்தேன், தெரிந்ததாகக் காட்டியிருந்தால் அவள் கூசிப் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். கஞ்சி அடிப்பிடித்தது.

ஏன் அடிப்பிடிக்கும்வரை நின்றேன் தெரியுமா? உன் வாப்பா நெல்லடிக்கிற சூட்டுக்களம் மனதில் வந்துவிட்டது. எனக்குப் பத்து வயது. நீங்கள் கொடுக்கிற இடத்திலும் நாங்கள் வாங்குகிற இடத்திலும் இருந்த காலம். என் வாப்பாவுக்குக் காய்ச்சல் என்பதால் உம்மா என்னிடம் ஒரு வெறுஞ்சாக்கைத் தந்து அனுப்பினார். வீட்டுக்கு ஒரு மணியும் கொண்டுபோகாமல் உன் வாப்பா ஸகாத் நெல்லை வேறாகக் குவித்திருந்தார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் பெரியவர்கள். நான் சாக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வேலியோடு நின்றேன். நீ என்னைக் கண்டுவிட்டாய். களத்துக்கு நடுவிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினாய். ஓடிவந்து சாக்கைப் பறித்து ஒரு பக்க வாயை நீ பிடித்தாய், மறுபக்கத்தை என்னைப் பிடிக்கச் சொன்னாய்.

"மழையில விளைஞ்சதெண்டா பத்தில ஒண்டு குடுக்கவேணும். நாங்கள் இறைச்சு விளைஞ்சதெண்டா இருபதில ஒண்டு. இது மழை நெல்லு" என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாய்.

"ஏன் மழையெண்டாக் கூட?"

"மழை நாங்களே பெய்ய வச்சனாங்கள்?"

நெல் விழுந்தபோது தூசு பறந்து நாம் இருவரும் தும்மிச் சிரித்தோம். அந்தச் சாக்கை இருவருமாகத்தான் எங்கள் வீடுவரை இழுத்துக்கொண்டு போனோம். அன்று எனக்குக் கூச்சமாக இருக்கவில்லை. அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு ஐம்பது வயது தாண்டித்தான் விளங்கியது. அதுவும் கஞ்சி அடிப்பிடிக்கிற மணத்தோடு.

போன வருடத்து அந்த இருபத்தேழாம் நோன்புக்குப் பிறகு நீ வெள்ளிக்கிழமைகளில் வரவில்லை. நானும் உன் வீட்டுக்கு வரவில்லை. வழக்கமான கோபம், நாலாவது வெள்ளி வந்துவிடுவாள் என்று காத்திருந்தேன். நாலாவதும் போனது, எட்டாவதும் போனது. இடையில், அந்த நோன்பு முடிந்த பெருநாள் தொழுகையில் மட்டும் தூரத்தில் கண்டேன். ஸலாம் சொன்னாய், ஸலாம் சொன்னேன். மெலிந்திருந்தாய். நோன்பு மெலிவு என்று நினைத்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து சில கிழமைகளில் ஸுமையா தொலைபேசி எடுத்தாள். "மாமி, உம்மாவை முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில வச்சிருக்கிறம்."

உன் இரண்டு சிறுநீரகமும் பழுதாகியிருந்தன. வவுனியாவுக்குப் போய்க் கிழமைக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்தம் செய்யவேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்களாம். போக்குவரத்துக்குக் கட்டாததால் நீ அதைக் கிழமைக்கு ஒன்றாக்கி, பிறகு இரண்டு கிழமைக்கு ஒன்றாக்கியிருக்கிறாய். எங்கள் லொறி அந்தப் பாதையில் ஒவ்வொரு நாளும் போய் வந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். உன் முகமும் கால்களும் வீங்கியிருந்தன. என்னைக் கண்டதும் வலியில்லாதவள்போலக் கதைத்தாய். வாடியில் யார் யார் இப்போது வேலை, நாயாற்றில் இறால் படுகிறதா என்று ஏதேதோ. பிறகு ஸுமையாவைச் சுடுதண்ணீர் வாங்கிவர அனுப்பினாய்.

"அண்டைக்கு என்ர கையைத் தெரிஞ்சும் நீ பேசாம விட்டனீ" என்றாய்.

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "உனக்கு வெக்கமா இருக்குமெண்டு நினைச்சன்" என்றேன்.

"எனக்கென்ன வெக்கம்? என்ர பங்கை வாங்கத்தான் வந்தனான். அது உங்கட வீட்டில நிண்ட என்ர சாமான். முகத்தை மூடினது உன்ர மச்சானின்ர போனுக்கு. நீ பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாத் திறந்திருப்பன்."

உனக்கு மூச்சு வாங்கியது. நான் கைப்பையைத் திறந்தேன். இருந்த பணத்தையெல்லாம் சுருட்டி உன் தலையணைக்குக் கீழே வைத்தேன். அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். நீ மெதுவாகக் கையை விட்டு அதை வெளியே எடுத்தாய்.

"இது என்ன? ஸகாத்தா, ஸதகாவா?"

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

"ஸகாத்தெண்டா எடுக்கிறன். அது என்ர ஹக்கு, உரிமை. நீ தராட்டிலும் அது என்ரதான். ஸதகாவெண்டாலும் எடுக்கிறன். கடமை இல்லாம விரும்பித் தாறது, உன்ர கையால வாங்க எனக்கென்ன. இது ரெண்டும் இல்லாட்டி நீ கொண்டு போ."

சொல்லியிருக்கலாம். ஸகாத் என்று ஒரு சொல், அல்லது ஸதகா என்று ஒரு சொல். அந்தப் பணம் எனக்கே எதுவென்று தெரியவில்லை. என் குற்றம் குறையட்டும் என்று தந்ததற்கு மார்க்கத்தில் பெயரில்லை. நீ என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாய். பிறகு பணத்தை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாய். ஸுமையா சுடுதண்ணீரோடு வந்துவிட்டாள்.

ஆறாம் நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளி ஒலிபெருக்கியில் உன் பெயரைச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் உன் வீட்டு முற்றத்தில் செல்வமலர் இருந்தாள். உன் வேலிக்கு மறுபக்கத்து வீட்டுக்காரி, யுத்தத்தில் புருஷனை இழந்தவள், வாடியில் உன்னோடு மீன் வெட்டியவள் என்று ஸுமையா சொன்னாள். அவள் உடுத்தியிருந்த சேலை எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் ஒரே நிறத்தில் கட்டுக்கட்டாக வந்தது அது.

"அக்கா தந்தவா" என்றாள், நான் கேட்காமலே. "போன நோன்பு நேரம் கிணத்தடியில வழுக்கி விழுந்து கால் முறிஞ்சு கிடந்தனான். வேலையில்ல. அக்காவுக்கும் உடம்பு ஏலாமக் கிடந்தது. ஒருநாள் பொழுதுபட அரிசிப் பையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால வச்சு ரெண்டாப் பிரிச்சவா. இது உங்கட பள்ளிச் சாமானெல்லோ, நாங்கள் சைவக்காரர், எடுக்கலாமோ எண்டு கேட்டன். ஸகாத்து எங்கட ஆக்களுக்கு எண்டுதான் குடுக்கிறவை, ஆனா என்ர கைக்கு வந்தாப் பிறகு அது என்ரது, இனி நான் உனக்குத் தாறது ஸதகா, அது ஆருக்கும் குடுக்கலாம் எண்டு சொன்னவா. சேலையையும் தந்திட்டா. எனக்கு உடுப்பு இருக்கு எண்டவா."

உனக்கு உடுப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பெருநாள் தொழுகையில் நீ உடுத்தியிருந்தது புத்தளத்தில் வாங்கிய சேலை.

நீ உனக்காக வந்தாயா, அவளுக்காக வந்தாயா என்று பலநாள் யோசித்தேன். அவளுக்காக மட்டும் வந்தாய் என்று முடிவுகட்டினால் எனக்குச் சுகமாக இருக்கும். உனக்குத் தேவையே இருக்கவில்லை என்றாகிவிடும். ஆனால் நீ அரிசியைப் பாதியாகத்தான் பிரித்தாய். மறுபாதி உனக்குத் தேவையாக இருந்தது.

இன்று பகல் படுக்கையிலிருந்து எழும்பி என் கணவரிடம் போனேன். "இந்த முறை படலையில குடுக்கவேண்டாம்" என்றேன். ஏன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கை, கண், ஆஸ்பத்திரி, எல்லாம்.

"நான் உன்னட்டக் கேட்டனான்தானே, பேரைப் போடவா எண்டு" என்றார். அதட்டவில்லை. படலையைப் பற்றி நிர்வாகத்தில் கதைத்துப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். நடக்குமோ தெரியாது. ஊர் வழமை.

பின்னேரம் நானே ஒரு மூட்டை அரிசியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். ஸுமையா கதவைத் திறந்தாள். வெளியில் நின்றபடியே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "இது ஸகாத். உன்ர பங்கு" என்றேன். ஓட்டோக்காரருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அதுவும் பிழையோ என்று தோன்றியது. எனக்கு இன்னும் கொடுக்கத் தெரியவில்லை.

"சரி மாமி. அங்கால வையுங்கோ" என்றாள்.

மூட்டை இறங்கியது. அவள் என்னை இருக்கச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் 'இரு' என்று எனக்கு யாரும் சொல்லாத முதல்நாள் அது. திரும்பிப் போகவும் மனமில்லாமல் வாசற்படியில் நானாகவே இருந்தேன். செல்வமலரின் வீட்டுப் பக்கம் யாரோ விறகு கொத்திக்கொண்டிருந்தார்கள். வெயில் இறங்கியது. உன்னைப் பற்றிக் கதைக்கலாம் என்று இரண்டு மூன்று தடவை வாயெடுத்தேன். உள்ளே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அவள் வெளியே வரவில்லை.

மஃரிப் பாங்கு சொன்னபோதுதான் வந்தாள். நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழமும் ஒரு கோப்பை தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினாள். நான் கை நீட்டி வாங்கினேன். கொடுக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குடித்தேன். வாசலில் இருக்கிற நோன்பாளிக்குத் தண்ணீர் கொடுப்பது கடமை என்பதால் தந்தாளா, மாமிக்கு என்று விரும்பித் தந்தாளா, எனக்குத் தெரியாது. அவளிடம் அதைக் கேட்கிற வாய் எனக்கில்லை. கேட்காமலேதான் எழும்பி வந்தேன்.